கிணற்றில் துருத்திய கல்

வையம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் காட்டின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. மாமனார் போனபிறகு நிலத்தை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். தம்பி என் வீட்டுக்காரர்; அண்ணன் எனக்கு மூத்தார். கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் மூத்தார் முறை, மறுநாள் எங்கள் முறை. உள்சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். மாடு கட்டி இறைக்கையில் அந்தக் கல் வெளியே தெரிந்தால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். மிச்சம் அடுத்த முறைக்காரருக்கு. விடிவதற்குள் ஊறிக் கல் முழுகிவிடும். அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த நாட்களில்கூட இதை மட்டும் மீறியதில்லை.

அறுபதுகளில் எங்கள் பக்கம் கரண்ட் வந்த புதிதில் மூத்தார் மோட்டார் வாங்கினார். அதற்குச் சந்தனம் என்ன, மாலை என்ன! கல்யாணத்தில் என் வீட்டுக்காரருக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடக்கவில்லை. எனக்கும் ஒரு கை சர்க்கரைப் பொங்கல் வந்தது. மறுநாள் எங்கள் முறைக்கு மாட்டைக் கட்டினால் தண்ணீர் மொள்ளும் சாலில் சேறு வந்தது. எங்கள் மிளகாய் அப்போது பூவும் பிஞ்சுமாக நின்றது. அந்த வருஷத்துச் சோறே அதுதான்.

"அண்ணே, கல்லு தெரிஞ்சா நிறுத்தணும்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது மாட்டுக்கு வச்சதுடா. மோட்டாருக்கு ஏது கல்லு? நீயும் ஒண்ணு வாங்கிப் போடு, யாரு வேணாங்கறா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊறுறதுதானே மாமா ஊறும்? மோட்டார் என்ன மழையையா கொண்டாருது?" என்றேன்.

"பொம்பளைங்க இதுல தலையிடாதீங்க."

சரி, என் வீட்டுக்காரராவது நியாயம் கேட்டாரா? இல்லை. மாட்டை விற்று, வரப்போரம் எங்கள் நிலத்தில் பழைய கிணற்றைவிட ஆழமாக ஒரு கிணறு தோண்டினார். நாங்களும் மோட்டார் போட்டோம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் மூத்தாருடைய கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணன் தண்ணி இறங்கிடுச்சு புள்ள!"

அப்படி ஒரு சந்தோஷம் அந்த மனுஷன் முகத்தில்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். "எல்லாம் ஒரே தண்ணிதாங்க. நம்மளதும் சேர்ந்துதான் இறங்குது" என்றேன். யார் கேட்டார்கள்? கிணற்றை ஆழமாக்க அவர் வெடி வைத்தால் இவர் வெடி வைத்தார். இவர் இறக்கினால் அவர் இறக்கினார். நடுவே நல்ல மழை பெய்த வருஷத்தில்கூடத் தண்ணீர் அந்தக் கல் பக்கம் வரவில்லை. கடைசியாகப் போட்ட மிளகாய் காயோடு கருகி நின்றது. பார்க்கச் சகிக்காமல் நானே பிடுங்கி அடுப்பில் வைத்தேன். நெடியில் வீடே இருமியது.

பிழைக்க அரியமங்கலம் வந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த வேலையைக் கேளுங்கள்: கருகிப்போன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறை! ஜில்லா முழுக்க உள்ள கிணறுகளுக்குச் சேவகம். ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் பாலம் தாண்டும்போது கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு சித்திரை வெயிலில் சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர்ச் செம்புமாகப் பட்டறைக்குப் போனேன். வாசலில் மூத்தார். பக்கத்தில் அவருடைய மோட்டார்.

"தண்ணியில்லாம ஓடி எரிஞ்சுபோச்சுடா தம்பி. நல்லாச் சுத்திக் குடு. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாக்கலாம்னு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றத் தொடங்கினார்.

"அந்தக் கல்லு இருக்கா மாமா?" என்றேன்.

"எந்தக் கல்லும்மா? ஓ, அதுவா? வெடி வச்சப்பப் பேந்து விழுந்துச்சு. மேல தூக்கி மோட்டாருக்கு அடியில போட்டிருக்கேன். ஆடாம நிக்கும்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "குடிக்கத் தண்ணி இருக்காம்மா?"

டம்ளரில் ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். செம்பில் பாதி இருந்தது. நான் அதை மூடி வைத்தேன்.

"மிச்சம் உங்க தம்பிக்கு மாமா" என்றேன்.