பறக்காத விமானக் கேடட்டுகள்

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் நான் படித்த இடைநிலைப்பள்ளியில் விமானக் கேடட் அணி இருந்தது. விமானம்தான் இல்லை. வானத்தோடு எங்களுக்கிருந்த ஒரே உறவு வெயில். சனிக்கிழமை காலையெல்லாம் திடலில் அணிவகுத்து நின்று அதை வாங்கிக்கொள்வோம்.

மழை வந்தால் வகுப்பறையில் வரலாறு. பொறுப்பாசிரியரான எங்கள் சார், நாடு முழுக்க இந்தக் கேடட் திட்டம் வளர்ந்த கதையைச் சொல்லிக் குறிப்பெடுக்க வைப்பார். எந்த அமைச்சர் தொடக்கிவைத்தார், சீருடையின் நீலம் எப்போது மாறியது, சின்னத்தில் இறகு ஏன் வந்தது, எல்லாம் சோதனையில் கேட்பார்கள். அந்த வரலாற்றில் எல்லாரும் ரிப்பன் வெட்டினார்கள். யாரும் பறந்ததாக நினைவில்லை.

நான் சேர்ந்தபோது எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு மண்டோர், தோட்டத்துக் கங்காணி, சிரித்தார். "பொம்பளப் புள்ள பிளேன் ஓட்டப் போவுதா?"

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா விடவில்லை. "நான் லோரி ஓட்டல? அது பிளேன் ஓட்டட்டும் லா."

நாலாம் படிவத்தில் ஒரு நாள் எங்களை உண்மையாகவே பறக்க வைப்பதாகச் சொன்னார்கள். முதல் நாளே சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துவைத்தேன். அம்மா, மேலே போனால் குமட்டும் என்று கைப்பையில் ஊறுகாய் வைத்தார். பஸ் எங்களை ஒரு சிறிய விமானத் திடலில் இறக்கியது. வரவேற்க வரிசையாக நிற்கச் சொன்னார்கள். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான வை.பி. வந்தார். மனைவி வந்தார். பிள்ளைகள் வந்தார்கள். மைத்துனியும் வந்தார்.

முதலில் வை.பி. பறந்தார். பிறகு குடும்பம் ஒவ்வொருவராகப் பறந்தது. மைத்துனிக்கு மிகவும் பிடித்துப்போய் மறுபடியும் ஏறினார். விமானம் கிளம்பும்போது ஒரு சல்யூட், இறங்கும்போது ஒரு சல்யூட். அதுதான் எங்கள் பயிற்சி. எங்கள் முறை வந்ததும் ஓர் அதிகாரி வானத்தைப் பார்த்து, வானிலை சரியில்லை என்றார். நாங்களும் பார்த்தோம். ஒரு துண்டு மேகம் இல்லை.

ஆனால் படம் எடுத்தார்கள். ஒவ்வொருவராக விமானத்தில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சிரிக்கச் சொன்னார்கள். நான் நன்றாகவே சிரித்திருந்தேன். பஸ்ஸில்தான் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, கேடட்டையெல்லாம் மறந்தே போனேன். போன வருடம் பள்ளியிலிருந்து போன் வந்தது. அணியின் ஆண்டு விழாவாம், பழைய கேடட்டாக வந்து பேச வேண்டுமாம். போனேன். மண்டப வாசலில், அன்று ஹெட்போனோடு சிரித்த என் படம் ஆளுயரத்துக்கு நின்றது. அடியில் மலாயில் கொட்டை எழுத்து: வானில் பறந்த நம் முதல் மாணவி.

ஓய்வுபெற்ற பிறகும் சார்தான் மேடையை நடத்தினார். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம். "மேல போனப்ப எப்படி இருந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லும்மா" என்றார்.

"தெரியாது சார். நான் பறக்கவே இல்ல. வை.பி. மச்சினியக் கேளுங்க, ரெண்டு தடவ பறந்தாங்க."

சார் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "நல்ல நாள்ல ஏம்மா இப்படி?"

"அன்னிக்கு நீங்களும் அங்கதான சார் இருந்தீங்க?"

"இருந்தேன் லா! நானும்தான் பறக்கல. இத்தன வருசத்துல ஒரு தடவகூட ஏத்தல!"

கையில் மைக் இருந்ததை அவர் மறந்துவிட்டார். மண்டபமே அதிரச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த இப்போதைய வை.பி.யும் சிரிக்க வேண்டியதாயிற்று. அவமானம் தாங்காமல் அங்கேயே மைக்கை வாங்கி, இந்த அணி முழுதும் பறக்கும் என்று அறிவித்தார். மற்றவர்கள் அத்தோடு மறந்திருப்பார்கள். சார் மறக்கவில்லை. வாரம் தவறாமல் வை.பி. அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து, கடைசியில் தேதி வாங்கிவிட்டார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

சாயங்காலம் போன் செய்தார். மூச்சு வாங்கியது. "பிள்ளைங்க எல்லாம் பறந்துடுச்சும்மா. நானும் போனேன்."

"மேலேருந்து என்னா சார் தெரிஞ்சிச்சு?"

சார் குரலைத் தாழ்த்தினார்.

"பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்மா."