நெருக்கி நட்ட கண்டக்டர்

கண்டக்டர் முப்பது வருஷம் பஸ்ஸில் ஓடியவர். நாற்பது பேர் உட்காரும் வண்டியில் எழுபது பேரை ஏற்றிவிட்டு, "உள்ள தள்ளி நில்லுங்க, இன்னும் இடம் இருக்கு" என்று கூசாமல் சொல்வார். ஓய்வு பெற்ற கையோடு மலைச்சரிவில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டார். மனிதர் மாறவில்லை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு முழம்கூட விடவில்லை.

"ஏங்க, நடுவுல காத்து போக வேண்டாமா?" என்றாள் மனைவி.

"காத்து மேல போகட்டும். கிழங்கு கீழதானே இருக்கு?"

வாயால் அவரை ஜெயித்தவர் யாருமில்லை. அவள் மேட்டில் நாலு வரிசையை மட்டும் அகலமாக நட்டாள்.

இந்த விளைச்சல் சொதப்பினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரத்து மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பேச்சு. ஐந்தாம் மாடியில் ஓர் அறையை மகள் ஒழித்தே வைத்திருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் நட ஒரு பிடி மண் இல்லாத அந்த அறைக்குப் போகக் கண்டக்டருக்கு மனமில்லை.

செடி தளதளவென்று வளர்ந்து மண்ணையே மறைத்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு வாரம் தூறல், குளிர், பனிமூட்டம். மனைவியின் நாலு வரிசை காலை ஒன்பது மணிக்கே காய்ந்துவிடும். அவருடைய செடிகள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சொட்டச் சொட்ட நின்றன. எட்டாம் நாள் மனைவி பள்ளத்தில் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். மேலே கரும்பழுப்புத் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை.

"கருகல் நோய். ஈரம் காயாத இடமா பாத்து உக்காந்திருக்கு."

"மருந்து அடிச்சா போயிடும்."

"மேட்டுக்கு அடிக்கலாம், அங்க இன்னும் வரலை. இங்க வந்தாச்சு. சாயங்காலம் மறுபடி மழையாம். தழையில இருக்கிறது மண்ணுக்குள்ள இறங்கிச்சுன்னா கிழங்கும் அழுகிடும். அறுத்துடுங்க."

பாதி வயல். கிழங்கு பெருக்க இன்னும் மூன்று வாரம் வேண்டும். கண்டக்டர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஏற்றிய ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் பழக்கமில்லாதவர். இருந்தாலும் எழுந்து அரிவாளை எடுத்தார். மழைக்கு முன்னால் பள்ளத்துத் தழை முழுவதையும் அறுத்து, சாக்கில் திணித்து, தள்ளிக் குழிவெட்டிப் புதைத்தார்கள். மேட்டுக்கு மருந்து அடித்தார்கள். தோல் முற்றட்டும் என்று மூன்று வாரம் கிழங்கைத் தொடவில்லை.

பள்ளத்து வயலில் தோண்டிய நாளில், கண்டக்டர் முதல் கிழங்கைக் கத்தியால் பிளந்தார். உள்ளே சுத்த வெள்ளை. இன்னொன்று, அதுவும் வெள்ளை. நம்பிக்கை வராமல் பிளந்துகொண்டே போனார்.

"போதுங்க!" அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நோய் விட்டு வெச்சதை நீங்களே தீத்துடுவீங்க போல."

கிழங்கு சின்னதுதான், ஆனால் விற்கத் தேறும். கண்டக்டர் மண்கையோடு மகளுக்கு போன் போட்டார்.

"அந்த ரூம்ல உன் துணிமணியை வெச்சுக்கோ, அம்மாடி. நாங்க வரலை. அடுத்த தடவை உங்கம்மா அளந்து சொல்ற இடம் விட்டுத்தான் நடப்போறேன்."