வெட்டிவிட்ட ஹீட்டர் ஒயர்

தாராவி அறுபதடி ரோட்டில் டீசல் மெக்கானிக் ஆறுமுகநயினாரைத் தெரியாத டிரைவர் கிடையாது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு: பம்பாய்க்கு ஹீட்டர் பிளக் தண்டம். பழைய டீசல் இஞ்சினில் சாவியைத் திருகியதும் சிலிண்டருக்குள் சூடேற்றும் அந்தச் சின்னக் குச்சிகள் குளிர் ஊருக்குத்தான் வேண்டும். வேர்த்து வழிகிற ஊருக்கு எதற்கு? அவற்றுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே செத்து ஒரு வண்டி வந்தால் புதுசு மாட்டமாட்டார். ஒயரை வெட்டி டேப் சுற்றுவார். டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் லைட்டின் மேலும் ஒரு துண்டு கறுப்பு டேப். தாராவியில் ஒரு வண்டியும் அதனால் நின்றதில்லை. ஆகவே அவர் சொல்வதே சரி என்று அவரும் நம்பினார், டிரைவர்களும் நம்பினார்கள்.

போன ஜனவரியில் அவர் மனைவி மீனாட்சியம்மாள், பக்கத்து வீட்டு பானுமதியோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் நாசிக் பக்கத்துத் திரியம்பகேஸ்வரம் கோயிலுக்குப் போனாள். வண்டி ஷாகுல் ஹமீதுடையது, பதினெட்டு வருஷத்து டீசல், ஓட்டியதும் அவன்தான். மழைக்கு முன்னால் அந்த வண்டியின் ரிலே போனபோது நயினார் வழக்கம்போல ஒயரை வெட்டியிருந்தார். நான் நாசிக் பக்கமெல்லாம் போவேனே அண்ணாச்சி என்று ஷாகுல் இழுத்ததற்கு, டீ வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றியிருந்தார்.

அவர்கள் போன மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது. பானுமதி அழுதுகொண்டே பேசினாள். மீனாட்சியம்மாளுக்கு நெஞ்சு வலி, இடது கை மரத்துப்போய்விட்டது, இந்தக் குளிரிலும் உடம்பு தெப்பமாக நனைகிறது. லாட்ஜில் வேறு வண்டி இல்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். ஷாகுல் கால் மணி நேரமாகச் சாவியைத் திருகுகிறான், வண்டி உயிர்பிடிக்கவில்லை.

நயினார் போனை ஷாகுலிடம் கொடுக்கச் சொல்லி, இஞ்சின் சுற்றுகிறதா என்று கேட்டார். நன்றாகச் சுற்றுகிறது என்றான். புகை? வெள்ளையாக வருகிறது என்றான். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. பேட்டரியில் குறையில்லை, வெள்ளைப் புகை என்றால் டீசலும் வருகிறது. எரிவதற்குச் சூடுதான் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் அதைச் சொன்னால் ஒயரை வெட்டியது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். டீசல் உறைந்திருக்கும், வெயில் வரட்டும் என்று சொல்லிவிடலாம். யாரும் அவரைக் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் வெயில் வரும்வரை மீனாட்சி இருப்பாளா? அதற்குள் லாட்ஜ் வாட்ச்மேன் துணியில் பெட்ரோலை நனைத்துக் கொளுத்தி, இஞ்சின் காற்று இழுக்கும் வாயில் காட்டலாம் என்று ஹிந்தியில் யோசனை சொல்வது காதில் விழுந்தது.

"தீய கிட்ட கொண்டுவர வேண்டாம்னு சொல்லு. ஷாகுலு, தப்பு எம்மேலதான். ஹீட்டர் ஒயர நான்தான் வெட்டிவிட்டேன்."

ஷாகுல் வாட்ச்மேனைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தான்.

"தெரியும் அண்ணாச்சி. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

பேட்டரி ஓய்ந்தால் வேறு வண்டியிலிருந்து கரண்ட் வாங்க டிக்கியில் போட்டிருக்கும் சிவப்புக் கேபிளை எடுக்கச் சொன்னார். ஒரு முனையை நாலு பிளக்கையும் சேர்க்கும் இரும்புப் பட்டையில் மாட்டு, வேறெந்த இரும்பிலும் படக் கூடாது, மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸில் பிடித்து இருபது எண்ணு, எடுத்துவிட்டுச் சாவியைத் திருகு என்றார். ஷாகுல் செய்தான். இஞ்சின் ஒருமுறை இருமி அடங்கிவிட்டது. ஸ்டார்ட்டர் சத்தம் இப்போது இழுத்து இழுத்து வந்தது. பேட்டரி ஓய்கிறது, இன்னும் ஒரே தடவைதான் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

"முப்பது எண்ணு. அவசரப்படாத."

ஷாகுல் எண்ண, தாராவியில் இவரும் கூடவே எண்ணினார். நடுவில் மீனாட்சியம்மாள் முனகுவது கேட்டது. இருபத்திரண்டா இருபத்திமூன்றா என்று இவருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை. பிறகு சாவி திரும்பும் சத்தம். ஒரு இருமல், இன்னொரு இருமல், கடகடவென்று இஞ்சின் பிடித்துக்கொண்டது. இஞ்சினை நிறுத்தாமல் நேரே நாசிக் ஆஸ்பத்திரிக்கு விடு என்றார் நயினார்.

நாசிக் ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

பத்து நாள் கழித்து வீட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு மீனாட்சியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னும் எத்தன வண்டில இப்படி வெட்டிவிட்டிருக்கீக?"

நயினாருக்குக் கணக்குத் தெரியவில்லை. போனை எடுத்து, ஞாபகம் வந்த பேர்களையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று பேர் மறுநாளே வண்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். நாலாவது, மான்குர்த் அமிர்தநாதன் வீடு. அவன் மனைவி ஏஞ்சலம்மாள் எடுத்தாள். மகள் ஷைனியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவர் காலையில்தான் வண்டியில் பஞ்ச்கனி மலைக்குப் புறப்பட்டார், அங்கே இப்போது நல்ல குளிராம் என்றாள். என்ன விஷயம் அண்ணாச்சி என்று அவள் கேட்டதற்கு உண்மையைச் சொல்லி, அவர்கள் தங்கும் இடத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு அமிர்தநாதனுக்கு ஏழு தடவை அடித்துப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை.

மீனாட்சியம்மாளைப் பானுமதியிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு புது ரிலேயும் இரண்டு கெஜம் ஒயரும் பையில் போட்டுக்கொண்டு, நயினார் தாதரில் பஸ் ஏறினார். நாளை விடிவதற்குள் அந்த வண்டியிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.