முந்திரிக் கை

எங்கள் தோல் மருத்துவமனை வாசலில் முப்பத்தோரு வருடம் சீட்டுக் கொடுத்தவர் தோனா ஓனெய்தி. தோனா என்பது பெரிய மனுஷிகளை எங்கள் ஊரில் மரியாதையாகக் கூப்பிடும் சொல். நான் உள்ளே ஊசி போடும் நர்ஸ். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ஓனெய்தி பார்த்துவிடுவார்.

பிரேசில் முழுக்கத் தின்னும் முந்திரியில் பாதியை எங்கள் ஊர்ப் பெண்கள்தான் உடைக்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வோம். வறுத்த கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டால் உள்ளங்கையில் புள்ளி விழுந்து தோல் உரியும். அதற்குத்தான் முந்திரிக் கை என்று பேர்.

"கையக் காட்டு. ம், முந்திரிக் கைதான். தேங்காயெண்ணெய் தடவு, போ. டாக்டர் நேரத்த வீணாக்காத," என்று ஓனெய்தி பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவரை எதிர்த்துப் பேச எங்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிபிலிஸ் என்கிற பால்வினை நோய் என்றால் லாரி டிரைவர்கள்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வருவார்கள். "முன்வாசல்ல என்ன பேயா நிக்குது?" என்று ஓனெய்தி எல்லாருக்கும் கேட்கும்படி கத்துவார். பிறகு அவர்களும் குறைந்துபோனார்கள். சிரங்கும் படையும் தொழுநோயுமாக எங்கள் நாட்கள் ஓடின. அந்தச் சனியன் ஒழிந்தது என்றே நினைத்தோம்.

ஆறேழு வருடமாக அது முன்வாசல் வழியாகவே திரும்பி வருகிறது. பள்ளிச் சீருடையில் பெண்கள், பெண்டாட்டி செத்தபின் இரவு நடனக் கூடங்களுக்குப் போகத் தொடங்கிய கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். "இந்தக் கிழவனுக்குமாடி?" என்று ஓனெய்தி என் காதைக் கடிப்பார். இரண்டு பேரும் சிரிப்போம்.

அவர் மகள் கிளேசியானி முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஏழாம் மாதம் உள்ளங்கை நிறையச் செம்பு நிறப் புள்ளிகளோடு வந்தாள். அவளும் முந்திரி உடைப்பவள். மறுபடி ரத்தம் எடுக்க நான் ஊசியைப் பிரித்தேன்.

"முந்திரிக் கைக்கு எதுக்குடி ரத்தம்? ஊசியக் கண்டாலே மயங்கிருவா அவ. விடு," என்றார் ஓனெய்தி.

ஏழாம் மாதம் எல்லாருக்கும் எடுத்தே ஆக வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எட்டாம் மாதக் கடைசியில் குழந்தை அசையவில்லை. செத்தே பிறந்தது. பெண் குழந்தை. பிறகு எடுத்த ரத்தத்தில், வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும் அந்தச் சிபிலிஸ் இருந்தது. லாரி ஓட்டும் மாப்பிள்ளை வால்மீருக்கும் இருந்தது. ஓனெய்தியே தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்து மகளுக்கு அறிமுகப்படுத்திய பையன் அவன்.

அதற்கு வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி. முதல் ஊசிக்கு ஓனெய்திதான் மகளைக் கூட்டி வந்தார். கிளேசியானி மேசையில் குப்புறப் படுத்தாள். அவள் உள்ளங்காலிலும் அதே புள்ளிகள், மங்கிப் போய். சிபிலிஸ் புள்ளிதான் கையிலும் காலிலும் சேர்ந்து வரும்.

"முந்திரி எண்ணெய் காலுக்கடியில படாதே, தோனா," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

கிளேசியானி தலையைத் திருப்பினாள். "கால் வீங்குதுன்னு தெனம் நீதானம்மா உப்புத் தண்ணில வெச்சுத் தேச்சுவிட்ட. நீ பாக்கவே இல்லையா?"

ஓனெய்தி மகளின் பாதத்தில் கை வைத்தார்.

"பாத்தேன்டி. மொத நாளே பாத்தேன். வேற எவ புருஷனா இருந்தாலும் ஊரே கேக்கறாப்புல சொல்லிருப்பேன். நான் பாத்து வெச்ச மாப்பிள்ளையாச்சே... நீ வெறுங்காலோட முந்திரி ஓட்ட மிதிச்சிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

மகள் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அந்த ஊசிக்கு லாரிக்காரர்களே அலறுவார்கள். அவள் முனகக்கூட இல்லை.

மறுநாளிலிருந்து ஓனெய்தி வருகிறவர்கள் எல்லாரிடமும், "செருப்பக் கழட்டு, காலக் காட்டு," என்று கேட்கத் தொடங்கினார். "என்ன தோனா, கால் ஜோசியமா?" என்று கேலி செய்தார்கள். அவர் வலிக்கும் முட்டியோடு குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார்.

மூன்றாவது ஊசிக்குக் கிளேசியானி தனியாக வந்தாள். மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் ஓனெய்தி காலைக் காட்டச் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினாள்.

ஓனெய்தியால் அன்று குனியவே முடியவில்லை.