செனற்றர் ஐயாவும் மூன்று பெயர்களும்

நேற்றுக் காலை வானொலியில், தள்ளாத வயது வரை பதவியில் இருந்த அமெரிக்கச் செனற்றர் ஒருவர் காலமானார் என்றார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற எனக்கு உடனே கார்பன் தாளின் மணம் வந்தது. சிரிக்காதீர்கள். செனற்றர் என்ற சொல்லுக்கு என் மூக்கில் அந்த மணம்தான். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் செனற் சபை இருந்தது, திருகோணமலையிலும் ஒரு செனற்றர் இருந்தார், அவருக்குத் தட்டெழுத்துச் செய்தவள் நான் என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ஐயா முதலில் நீதிமன்றத்தில் வழக்காடிய பிரக்கிராசி. பிறகு நகரசபை. சுதந்திரம் கிடைத்த கையோடு செனற் சபைக்குப் போனவர், அது இருந்த காலம் முழுக்க அங்கேயே இருந்தார். ரயிலில் கொழும்புக்குப் போவார், பை நிறையக் கடிதத்தோடு திரும்புவார். மூதூருக்கு நல்ல வள்ளம், ஈச்சிலம்பற்றுக்கு மருந்துச்சாலை என்று நான் அடித்த மனுக்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். பாதியில் 'ஆனரபிள்' என்பதில் ஓரெழுத்தை விழுங்கியிருப்பேன். நாட்டை நானே ஆள்வதாக நினைப்பு வேறு.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன வருடம் அந்த நினைப்பு போனது. "ஒருத்தற்ர வேலையும் போக விடமாட்டன்" என்று ஐயா கூட்டத்தில் சொல்லியிருந்தார். ஒரு முற்பகல் கொழும்பிலிருந்து உறை வந்தது. பிரித்தவள் நான். வேலை நிறுத்தப்படுவோர் பட்டியல். இரண்டாம் பக்கத்தில், தளத்துப் பட்டறையில் வெல்டிங் செய்த என் அண்ணனின் பெயர்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. நாங்கள் வேலை செய்த ஐயாவின் வீட்டுப் படலைக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். முன்னால் நின்றவர் தொழிலாளருக்காகப் பேசுகிற மூதூர்க் காதர் நானா. "ஐயா, பேரைச் சொல்லுங்க! தெரியாம வீட்டுக்குப் போக ஏலாது!"

அப்போது தொலைபேசி அடித்தது. கொழும்பில் ஓர் அதிகாரி. ஐயா நெடுநேரம் கேட்டார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பட்டியலில இருந்து மூண்டு பேரின்ர பேரை மட்டும் வெட்டி விடலாமாம். எனக்கு வேண்டிய மூண்டு பேர். இப்பவே சொல்லட்டாம். உம்மட அண்ணன்ர பேரும் கிடக்கோ, பிள்ளை?"

"ஓம் ஐயா."

வெளியே யாரோ படலையைப் பிடித்து உலுக்கினார்கள். ஐயா பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"மூண்டு பேரைச் சொல்லீட்டு மிச்ச ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? வேண்டாம்." அதையே அதிகாரிக்கும் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார்.

பட்டியலோடு தனியே படலைக்குப் போய்த் தானே வாசித்தார். அண்ணனின் பெயர் கேட்டபோது நான் யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பாதியில் ஒரு கல் வந்து ஐயாவின் நெற்றியில் பட்டது. காதர் நானா குறுக்கே பாய்ந்தார். "வாசிச்சு முடிக்க விடுங்கடா!" ஐயா லேஞ்சியால் இரத்தத்தைப் பொத்திக்கொண்டு மீதியையும் வாசித்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் சபையில் அந்த ஆட்களின் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கடைசியில் பட்டியலில் பாதிப்பேரைத் துறைமுகத்தில் திரும்ப எடுத்தார்கள். அதில் அண்ணனும் ஒருவன். ஆனால் அவன் அதற்கு முன்பே ஒரு சரக்குக் கப்பலில் ஏறிவிட்டான். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அம்மா சாகும்வரை ஐயாவின் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை. நானோ அடுத்த நாளே வேலைக்குப் போனேன். பதினான்கு வருடம் போனேன். ஏனென்று கேட்டால் சம்பளம் என்பேன், பாதி உண்மை.

செனற் சபையை இல்லாமலாக்கிய செய்தி வந்த அன்று, ஐயா கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்: "பிள்ளை, அண்டைக்கு உம்மட அண்ணன்ர பேரைச் சொல்லியிருக்கலாமோ?"

"ஓம் ஐயா. சொல்லியிருக்கலாம்."

தலையாட்டினார். அவ்வளவுதான் கதை.

இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டை இடித்துக் களஞ்சியம் கட்டினார்கள். காதர் நானாவும் இல்லை. ஐயா இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். கூடவே, அவர் வேண்டாம் என்று ரிசீவரை வைத்தபோது, அழுகைக்கு நடுவிலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் சொல்வேன். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.