பிரேக் ஆயிலுக்கு ஒரு சாண் குழாய்

ஐயா, அம்மா, இதை வாசிக்க அமர்ந்துள்ள தங்களுக்கு என் வணக்கம். ஒரு சாண் ரப்பர் குழாயை நான் தேர்ந்தெடுத்த விதத்தையும், அதனால் வீட்டுக்குள் முடங்க நேர்ந்ததையும் கூற விழைகிறேன்.

வடக்குப்பட்டிலிருந்து எங்கு செல்வதாயினும் எனக்கும் என் மனைவிக்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றே துணை. அவளுக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. குறித்த நாளில் வந்து காட்டத் தவறினால் பார்வைக்குத் தாம் பொறுப்பல்ல என்று ஸ்ரீபெரும்புதூர் மருத்துவர் கூறியிருந்தார். இதற்கிடையில் வண்டியின் பின் பிரேக் மிதி தளர்ந்தது. பிரேக் ஆயில் நிற்கும் சிறு டப்பாவிலிருந்து மிதியருகே உள்ள மாஸ்டர் சிலிண்டருக்குச் செல்லும் குழாய் வெடித்துக் கசிந்திருந்தது.

கம்பெனிக் குழாய் வர நாளாகும் என்றார்கள். ஆகவே ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கடைக்குச் சென்று, பிரேக் ஆயிலுக்கு டியூப் கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று கண்ணாடிபோல் தெளிந்தது, மற்றொன்று கறுப்பு.

"கண்ணாடி டியூபு வேணாம் பெரியவரே, கொஞ்ச நாள்ல வெறச்சிக்கும். கறுப்ப எடுத்துக்கினு போ. ஆயில் டியூபு. பெட்ரோலுக்கே அசையாது."

"பிரேக் ஆயில தாங்குமா?"

"ஆயிலுக்குன்னே செஞ்சது ஆயில தாங்காதா? இன்னா நீ, டியூபுக்கு ஜாதகம் கேப்ப போலக்கீது."

வளைத்துப் பார்த்தேன்; முகர்ந்தும் பார்த்தேன். அவர் கூற்றில் எனக்குப் பிழை தெரியவில்லை. வாங்கி வந்து நானே பொருத்தினேன்.

மருத்துவரிடம் செல்லும் காலையில் மனைவி கண் கட்டின்மேல் கறுப்புக் கண்ணாடி அணிந்து வாசலில் காத்திருந்தாள். மிதியை அழுத்தினேன், தடையின்றி அடிவரை இறங்கியது. குனிந்து பார்த்தால், குழாய் ஊறிய அப்பளம்போல் தொளதொளத்து, பொருத்திய இடத்திலிருந்து நழுவிக் கிடந்தது. தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது.

எங்கள் மாடி அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். இருங்காட்டுக்கோட்டையில் வண்டிகளுக்கான ரப்பர் குழாய் செய்யும் ஆலையில் வேலை. ஷிப்டுக்குப் புறப்பட்டவள் நின்று பார்த்தாள்.

"என்ன டியூபுய்யா இது?"

"ஆயில் டியூபும்மா. பிரேக் ஆயிலுக்குன்னு கேட்டுத்தான் வாங்கினேன்."

"அங்கதான் தப்பு. பேருதான் ஆயிலு, அது ஆயிலே கெடையாது. தண்ணியோட சேருத சரக்கு, ஆயில் டியூப ஊத வச்சிரும். எங்க லைன்ல பெட்ரோலுக்கு ஒரு ரப்பரு, பிரேக்குக்கு வேற ரப்பரு. அந்த ரப்பர ஈ.பி.டி.எம்.னு கேக்கணும்யா."

"மூந்து பாத்து வாங்கினாரும்மா, கருவாடு வாங்கற மாதிரி," என்றாள் மனைவி.

முன் பிரேக்கை நம்பிச் செல்லலாமா என்று எண்ணினேன். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே கட்டுப்போட்ட கண்ணோடு அவளை அமர்த்திச் செல்ல மனம் துணியவில்லை. அழைத்த ஆட்டோக்காரர்கள் மதியத்துக்கு மேல் வருவதாகக் கூறினார்கள். போகவும் இயலவில்லை, இருக்கவும் இயலவில்லை.

"எங்க வேன் ஸ்ரீபெரும்புதூர் வழியாத்தான் போவுது. டிரைவர் அண்ணன்ட்ட சொல்லுதேன். ஆனா ஒரு எடந்தான் இருக்கு," என்றாள் அந்தப் பெண்.

மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டு சென்றாள். நான் வண்டியருகே நின்றேன். கறுத்த திரவத்தை வடித்தேன், சிலிண்டரைத் துடைத்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அவளுடைய கைப்பேசி வீட்டிலேயே இருந்தது.

மாலையில் ஆட்டோவில் திரும்பினாள். கட்டுப் பிரித்தாயிற்று, பார்வை தெளிவாக இருந்தது. மருத்துவர், "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டதாகச் சொன்னாள்.

சரியான குழாய் வந்து சேரும்வரை வண்டியை எடுக்கவில்லை. அந்தத் திரவத்தை இன்றும் இங்கே எல்லோரும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறார்கள். ஆதலால் பெயரை நம்பி வேறெவரும் ஆயில் குழாய் வாங்காதிருக்க, இவ்வரலாற்றைத் தாங்கள் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.