தனபால் அண்ணனின் இடது கால்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய், பில்லிசூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான். கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் நம்பிக்கை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் கேன் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். பில் போடுவது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். லாரியில் கேன் ஏற்றுபவர் தனபால் அண்ணன். முன்பு மில்லில் மெஷினில் மாட்டி அவருக்கு இடது கால் வளைந்துபோயிருந்தது, இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவரால் முடியவில்லை, முதலாளி நிறுத்தப்போகிறார் என்ற பேச்சு அன்று காலைதான் என் காதில் விழுந்தது.

மத்தியானம் புதுப் பதிப்பின் சிடியைப் போட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். நாம் கைவைத்து மாற்றிய அமைப்பு ஏதாவது இருந்தால் அது நடுவில் நின்று கேட்கும், இது நிறுவிய பிறகு மாற்றப்பட்டிருக்கிறது, புதியதைப் போடவா, இருப்பதையே விடவா என்று. பிரிண்டருக்குக் கேட்டது, நெட்வொர்க்குக்குக் கேட்டது, பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்து வந்ததை, சத்தியமாக, இந்தக் கண்ணால் படித்தேன்.

"தனபால், இடது கால். நிறுவிய பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. புதியதைப் போடவா, இருப்பதையே விடவா?"

சிடி கொடுத்த முத்தியால்பேட்டை நண்பனின் விளையாட்டோ என்றால், அவனுக்குத் தனபால் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. ஜன்னல் வழியே பார்த்தேன், அண்ணன் வெயிலில் கேன் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டு போகிறார். எனக்குச் சிரிப்புதான் வருகிறது, இருந்தாலும் புதியதையே போடு என்று தட்டிவிட்டேன்.

திரும்பிப் பார்க்கிறேன், நேராக நடந்து வருகிறார்!

ஓடினேன். "அண்ணே! கால் இன்னா ஆச்சு?"

"காலா?" குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, ஏதாச்சும் ஒட்டிக்கினு இருக்குதா?"

"மில்லுல அடிபட்டுச்சே!"

"எனக்கா? அன்னிக்கி வேட்டிதான் மாட்டுச்சு, கிழிச்சிக்கினு வந்துட்டேன். வெயில்ல நிக்காத, போய்த் தண்ணி குடி."

முதலாளியிடம் ஓடி, அண்ணனை நிறுத்தப்போகிறீர்களா என்று கேட்டேவிட்டேன். "தனபாலையா? அவரு இல்லன்னா லாரி எப்படிம்மா கெளம்பும்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்குமே அந்தப் பழைய கால் ஞாபகமில்லை. எனக்கு மட்டும் குதிக்க வேண்டும் போலிருந்தது. அதே சிடியை மறுபடி போட்டுப் பார்த்தேன், பிரிண்டர், நெட்வொர்க், அதோடு சரி. சிடி கொடுத்த நண்பனோ, நீ தூங்கிக் கனவு கண்டிருப்பாய் என்றான். இருக்கட்டும்.

சில மாதம் கழித்து ஒருநாள் அண்ணன் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வலது செருப்பு புதுசு போல இருந்தது. இடதின் வெளி ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்து கிழியும் நிலையில் இருந்தது.

"எத்தினி தடவ மாத்தினாலும் இப்பிடித்தாம்மா ஆவுது," என்று சிரித்தார். "கால இழுத்துக்கினு நடக்கறியான்னு செருப்பு தெக்கிறவரு கேக்கறாரு."

போன பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வந்திருந்தார், ஒரு குறையும் இல்லாமல் படியேறி. வாசலில் கழற்றிவிட்ட செருப்பு வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்றார். இடது பக்கம் அதற்குள் தேய ஆரம்பித்திருந்தது.